குன்வோர் போட்ட பத்தொன்பது

எங்கள் ஏரியின் இரண்டு கரையிலும் அவளுக்கு ஒரே பட்டப்பெயர்தான். கோட்டுக் குன்வோர்.

பிப்ரவரியில் ஏரிப் பனி குதிரையைத் தாங்குமளவுக்கு இறுகியதும் எங்கள் கரைக்கும் அக்கரைக்கும் சறுக்குத் தாவல் போட்டி நடக்கும். காலில் பலகைகளைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சரிந்து வந்து, விளிம்பில் எம்பி, காற்றில் மிதந்து, கீழ்ச் சரிவில் இறங்க வேண்டும். தூரத்தை அளக்க நாடா இருக்கிறது. அழகை அளக்க நாடா ஏது? அதற்காகத்தான் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு மரக் கோபுரம், அதில் ஐந்து சன்னல், சன்னலுக்கு ஒரு நடுவர். இருபதுக்கு இவ்வளவு என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் கயிற்றுக் கூடையில் இறக்கிவிடுவார்கள்.

ரொட்டிக் கடை பேதர்தான் ஒலிபெருக்கிக்கும் கரும்பலகைக்கும் சொந்தக்காரன். ஐந்து மார்க்கையும் வரிசையாக எழுதுவான். அதிகமானதன்மேல் ஒரு கோடு, குறைவானதன்மேல் ஒரு கோடு. மிச்சம் நிற்கும் மூன்றைக் கூட்டுவான். கோடு விழுந்தவை போனவை.

குறைவான மார்க்கு எப்போதும் குன்வோருடையது.

"குன்வோருக்குன்னே ஒரு சாக்பீஸ் தனியா வெச்சிருக்கேன்!" என்று பேதர் ஒலிபெருக்கியில் கத்துவான். கூட்டம் சிரிக்கும். உற்சாகத்துக்காகக் கொண்டுவந்த பசுக் கழுத்து மணிகளை ஆட்டும். கோபுரத்தின் நடுச் சன்னலில் குன்வோர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்தவன் தாவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருபது குளிர்காலமாக அப்படித்தான்.

இந்தக் கோட்டு வழக்கம் ஆதியிலிருந்து இருந்ததல்ல. முன்பெல்லாம் ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துச் சராசரி எடுப்போம். ஒரு வருடம் எங்கள் பையன் ஒருவன் பறவைபோல் இறங்கினான். நான்கு பேர் பதினெட்டு போட்டார்கள். அக்கரை நடுவர் அஸ்லாக் மட்டும் கூசாமல் ஆறு போட்டார். சராசரி சரிந்து பையன் தோற்றான். அன்றைக்குப் பனிமேல் சறுக்குக் கோல்களால் அடித்துக்கொண்டோம். அப்போது எங்கள் சங்கத் தலைவர் ஹால்கிரிம் சொன்னார்: "அஞ்சு பேர் ஒரே பானையில கஞ்சி காய்ச்சறோம். ஒருத்தன் வேணும்னே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டா மொத்தப் பானையும் கெட்டுப்போகுதே. உச்சியில ஒண்ணு, அடியில ஒண்ணு தூக்கிப் போட்டுட்டு நடுவுல நிக்கிறதை மட்டும் பாப்போம்." இரு கரையும் ஒப்புக்கொண்டது. அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

குன்வோர் அக்கரையில் பிறந்தவள். சின்ன வயதில் வைக்கோல் கொட்டகைக் கூரையிலிருந்து தாவிப் பழகி, பதினைந்து வயதில் போட்டி தொடங்குமுன் சரிவைச் சோதித்துப் பார்க்கத் தாவுகிறவளாக இருந்தாள். சோதனைத் தாவலிலேயே ஆண்பிள்ளைகளைவிடத் தூரம் போய் இறங்குவாள். போட்டியில் சேர்க்கச் சொன்னபோது, "பொம்பளை வயிறு அந்த அதிர்ச்சியைத் தாங்காது" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வயிற்றையும் பார்த்திராதவர்கள் சொன்ன தீர்ப்பு அது!

எங்கள் கரை லைதுலைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். லைதுல் அந்தக் காலத்து வீரன். காற்றில் அவனைப்போல் மிதந்தவர்கள் இல்லை. ஆனால் இறங்கும்போது இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையை அறையும். முறையான இறக்கம் அப்படியில்லை. ஒரு கால் முன்னே போக வேண்டும், இன்னொன்று பின்னே தங்க வேண்டும், முழங்கால்கள் மடங்க வேண்டும், கைகள் சிறகாக விரிய வேண்டும். டெலிமார்க் இறக்கம் என்போம். அழகுக்காக வந்ததல்ல அது. விழாமல் இருப்பதற்காக வந்தது. லைதுலுக்கு அது வராது. வராவிட்டால் என்ன? நம் பையன், நம் வீரன் என்று நம் நடுவர்கள் பத்தொன்பது போட்டார்கள். வருடா வருடம் போட்டார்கள். பத்தொன்பது வாங்குகிறவன் எதைத் திருத்திக்கொள்வான்?

ஐலெவ் பிறந்த வருடம், சரிவு கண்ணாடியாக உறைந்திருந்த ஒரு காலையில், லைதுல் இரண்டு கால்களையும் ஒன்றாக ஊன்றினான். முதுகெலும்பு உடைந்தது. நான்கு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தான். அவனைப் புரட்டிவிட்டு, அவனுக்கு ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு நிமிர்ந்த குன்வோர், அடக்கம் முடிந்த மறுவாரம் ஹால்கிரிம் வீட்டுக் கதவைத் தட்டினாள். கரைக்கு இரண்டு நடுவர் போக, ஐந்தாவது நடுவர் இடம் காலியாக இருந்தது. இரு கரையும் ஒப்புக்கொள்ளும் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அக்கரையில பிறந்தவ, இக்கரையில வாக்கப்பட்டவ. ரெண்டு பேரும் என்னை அடுத்தவன் ஆளுன்னு திட்டலாம். என்னை விட்டா யாரு?"

அப்படித்தான் அவள் நடுச் சன்னலில் உட்கார்ந்தாள். கண் பார்த்ததைக் கை எழுதியது. மற்ற நான்கு பேரும் தங்கள் பையன்களுக்கு அள்ளி வழங்க, எதிராளிக்கும் ஊர்ப் பொல்லாப்புக்குப் பயந்து கொஞ்சம் கூடுதலாகவே போட, குன்வோரின் மார்க்கு அடியில் தனியாக நிற்கும். பேதர் கோடு போடுவான்.

மகனுக்கும் அதே தராசுதான். போன குளிர்காலத்தில் ஐலெவ் இரண்டு கால்களையும் ஒன்றாக அறைந்து இறங்கினான். அச்சு அசல் அப்பன்! குன்வோர் பென்சிலை எடுத்தாள். பதினான்கு என்று எழுதினாள். அது அடிபட்டது, ஐலெவ் ஜெயித்தான். ஆனால் அன்று இரவே பெட்டியைக் கட்டினான்.

"அடிபட்ட மார்க்குக்கு எதுக்குடா கோபம்? அது கணக்கிலேயே வரலியே!"

"கணக்குல வரலேன்னா என்னம்மா, போட்டது நீயாச்சே. ஊர் முழுக்கப் பாத்துச்சு."

மரம் அறுக்கும் ஆலையின் விடுதிக்குக் குடிபோய்விட்டான். ஒரு வருடம் ஒரே ஊரில் இருந்துகொண்டு அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுவான்.

இலையுதிர் காலத்துச் சங்கக் கூட்டத்தில் ஹால்கிரிம் பேச்சை எடுத்தார். "குன்வோர், மனசுல வெச்சுக்காத. நீ போடுறது எப்பவும் அடிபட்டுப் போகுது. அடிபடுறதுக்குன்னு ஒரு ஆளைக் கோபுரத்துல ஏத்தி, காப்பி குடுத்து, எதுக்கு? வர்ற போட்டிதான் உனக்குக் கடைசி. அக்கரைக்காரங்களும் சரின்னுட்டாங்க."

"நான் கடைசியில நிக்கறேன், அதனால என்னை எடுக்கறீங்க. சரி. எடுத்ததும் கடைசியில நிக்கப்போறது யாரு?"

அவளே பதிலையும் சொன்னாள்.

"எனக்கு அடுத்தவன் நிப்பான். கோடு அவன்மேல விழும். என்மேல விழுறதாலதான் அவன் நடுவுல சுகமா உட்கார்ந்திருக்கான். அடிபட்ட மார்க்கு சும்மா போகல, ஹால்கிரிம். எது நடுன்னு சொல்லிட்டுத்தான் போகுது."

"ஆகா, கோட்டுக்கும் ஒரு தத்துவம்!" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. குன்வோர் கையுறைகளை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வாசலில், பனியில் காலால் உந்தித் தள்ளும் தன் உதைவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். புருஷன் போனான், மகன் போனான், இப்போது சன்னலும் போகிறது. இருபது வருடம் தன் கண் பார்த்த உண்மை ஒரே ஒரு தடவையாவது கணக்கில் வரவில்லையே என்று நினைத்தாளோ என்னவோ. அழுதாள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் ஊரில் குளிருக்கும் கண்ணில் நீர் வரும்.

போட்டி நாள் வந்தது. வானம் நீலமாக, காற்றே இல்லாமல், சுடச்சுட வார்க்கும் வாஃபிள் அப்பத்தின் வாசனை சரிவு முழுக்கப் பரவிக் கிடந்தது. ஏரியைக் கடந்து அக்கரையே திரண்டு வந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும், போட்டி இரண்டே பேருக்குத்தான். எங்கள் ஐலெவ். அக்கரையின் யூஸ்டைன்.

ஹால்கிரிம் இந்தத் தடவை ஒரு தந்திரம் செய்திருந்தார். எங்கள் நடுவர்கள் இருவரையும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார்: "போன தடவை நீ பத்தொன்பதரை போட்ட, அடிச்சுட்டாங்க. இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒண்ணாப் போடுங்க. ஐலெவுக்கு ரெண்டு பேரும் பத்தொன்பதரை, யூஸ்டைனுக்கு ரெண்டு பேரும் பதினஞ்சு. ரெண்டுல ஒண்ணைத்தானே அடிக்க முடியும்? இன்னொண்ணு நிக்கும்ல!"

பெரிய மூளைதான். ஏரிக்கு அந்தப் பக்கமும் ஒரு பெரிய மூளை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அஸ்லாக் தன் கூட்டாளியிடம் அதே வார்த்தைகளை அதே வாரம் சொல்லியிருந்தார்.

முதல் சுற்று. ஐலெவ் நன்றாக எம்பினான், நெடுந்தூரம் மிதந்தான், இறங்கும்போது கால்கள் பிரியவில்லை. கொஞ்சம் பிரிந்தன என்று வேண்டுமானால் சொல்லலாம். கூடை இறங்கியது. பேதர் எழுதினான்: பத்தொன்பதரை, பத்தொன்பதரை, பதினாறு, பதினைந்து, பதினைந்து.

வழக்கப்படி மூன்றாவதை, நடுச் சன்னலின் மார்க்கை, அடிக்கச் சாக்பீஸை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அட! குன்வோர் நடுவுல நிக்கிறாப்பா!"

ஒரு பத்தொன்பதரையையும் ஒரு பதினைந்தையும் அடித்தான். குன்வோரின் பதினாறு, கோடில்லாமல், கரும்பலகையில் வெள்ளை வெளேரென்று நின்றது. எங்கள் கூட்டம் உறுமியது. "பெத்தவளா இவ?" என்று ஒருத்தி கத்தினாள்.

அடுத்து யூஸ்டைன். காலை அழகாகப் பிரித்தான், ஆனால் பின்னால் சற்றுத் தள்ளாடினான். பலகையில்: பதினைந்து, பதினைந்து, பதினேழரை, பத்தொன்பதரை, பத்தொன்பதரை. அவன் அரை மீட்டர் குறைவாகத்தான் தாவியிருந்தான். ஆனாலும் மார்க்கில் முந்திவிட்டான்.

ஒலிபெருக்கியைக் கையால் பொத்தாமலே பேதர் யோசித்தான். யோசனை ஊருக்கே கேட்டது. "இருங்க இருங்க. அடிச்சது போக ரெண்டு பேருக்கும் ஒரு பத்தொன்பதரை நிக்குது, ஒரு பதினஞ்சு நிக்குது. ரெண்டும் சமம். இவங்க நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தின்னுட்டாங்கய்யா! மிச்சம் குன்வோர் மட்டும்தான்!"

கொஞ்சமாக ஏமாற்றியிருந்தால் தப்பித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் முழு பலத்தோடு இழுத்ததில் கயிறு நடுவில் வந்து நின்றுவிட்டது. நடுவில் யார்? இத்தனை வருடம் ஓரத்தில் நின்றவள்.

ஹால்கிரிம் கோபுரப் படிகளில் மூச்சிரைக்க ஏறினார்.

"குன்வோர், உன் கையிலதான் இருக்கு. உன் பிள்ளைம்மா. கொஞ்சம் கண்ணைக் காட்டு. வசந்தக் கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன், இந்தச் சன்னல் சாகறவரைக்கும் உனக்குத்தான்."

"அடிபடுற ஆளுக்கு எதுக்கு காப்பின்னு கேட்டீங்க."

"அது... விடேன் இப்ப."

"லைதுலுக்கும் இப்படித்தான் கண்ணைக் காட்டினீங்க, ஹால்கிரிம். உங்க அண்ணன்தான் அப்ப நடுவர். பத்தொன்பது, பத்தொன்பதுன்னு போட்டே அவரைப் படுக்கையில போட்டீங்க. ஒரே ஒருத்தர் பதினாலு போட்டிருந்தா, அவமானத்துல ஒரு குளிர்காலம் அழுதிருப்பார். அடுத்த குளிர்காலம் காலைப் பிரிச்சிருப்பார். இன்னிக்கு இந்தக் கூட்டத்துல வாஃபிள் தின்னுக்கிட்டு நின்னிருப்பார்."

சன்னல் திறந்திருந்தது. கீழே, பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டாவது தாவலுக்கு மேலே ஏறப்போன ஐலெவ் நின்றிருந்தான். எவ்வளவு கேட்டானோ தெரியாது. முகம் பனியைப்போல் வெளுத்திருந்தது.

"அம்மா."

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்! குன்வோர் சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்காகவா அந்தப் பதினாலு?"

"இந்தச் சன்னல்ல நான் உனக்கு அம்மா இல்லடா. சொல்றதை எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்றேன், யூஸ்டைனும் கேட்டுக்கட்டும்." அவள் சரிவு முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "ஒரு கால் முன்னாடி! முழங்காலை மடக்கு! தரையைப் பாத்துப் பயப்படாதே, அது எங்கயும் போயிடாது! யாருக்கும் தானமா ஒரு மார்க்கு கிடையாது. சம்பாதிச்சா அரை மார்க்குகூடக் குறைக்க மாட்டேன்!"

"அதானே குன்வோர்!" என்று அக்கரைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல். யார் பக்கத்துச் சிரிப்பு என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

யூஸ்டைன் முதலில் வந்தான். இந்த முறை தன் முதல் தாவலைவிட அரை மீட்டர் கூடுதலாகத் தாவினான். தூரக் கணக்கு இருவருக்கும் சமமாகப் போக, ஐலெவ் தன் முதல் தாவலைவிட அரை மீட்டர் குறைவாகத் தாவினாலே போதும். இறங்கும்போது யூஸ்டைனின் ஒரு கை பின்னால் துழாவியது. நான்கு மூளைகளும் முன்போலவே போட்டன. நடுவில் குன்வோர்: பதினேழு.

கணக்கு எளிது. முதலில் ஒன்றரை பின்தங்கியிருந்த ஐலெவ் ஜெயிக்க வேண்டுமானால் அம்மா பத்தொன்பது போட வேண்டும். குன்வோர் தன் வாழ்நாளில் யாருக்கும் பதினெட்டுக்கு மேல் போட்டதில்லை. எங்கள் கரைக்காரர்கள் பசு மணிகளைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஐலெவ் மேலே ஒரு புள்ளியாகத் தெரிந்தான். சரிந்தான். எம்பினான். காற்றில் அப்பனேதான்! கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கோபுரத்தில் குன்வோர் மூச்சுவிடவில்லை. இருபத்துநான்கு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலை மறுபடி அவள் கண்முன் இறங்கிக்கொண்டிருந்தது. தரை நெருங்கியது. இன்னும் கால்கள் சேர்ந்தே இருந்தன. இன்னும். இன்னும்...

கடைசி நொடியில் வலது கால் முன்னே போயிற்று. முழங்கால் மடங்கியது. இரண்டு கைகளும் ஒரு பெரிய பறவை இறங்குவதுபோல் விரிந்தன. பனி துளிகூடச் சிதறவில்லை. பலகைகள் பனியைத் தொட்ட சத்தம், பட்டுத் துணியைக் கிழித்தாற்போல், அவ்வளவுதான்.

கூட்டம் அலறியது. பேதர் தூரத்தைச் சொன்னான். இரண்டு சுற்றும் சேர்த்து இருவரும் சமம். எல்லோர் கண்ணும் கூடைமேல்.

கூடை வரவில்லை.

குன்வோர் பென்சிலைப் பிடித்தபடி கண்களை மூடியிருந்தாள். பெற்ற வயிறு பார்த்ததா, கண் பார்த்ததா? மூடிய கண்ணுக்குள் அதே தாவலை மறுபடி ஓட்டினாள். ஐலெவின் நீலத் தொப்பியைக் கழற்றி, யூஸ்டைனின் சிவப்புத் தொப்பியை அந்தத் தலையில் மாட்டினாள். அக்கரைப் பிள்ளை சரிந்தான், எம்பினான், கால் பிரித்தான், இறங்கினான். அவனுக்கு என்ன போடுவாய்? கை எழுதியது.

பத்தொன்பதரை. பத்தொன்பதரை. பேதர் மெல்ல எழுதினான். பதினைந்து. பதினைந்து. நடுவில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினான்: பத்தொன்பது.

எங்கள் பக்கம் வெடித்தது. அக்கரைப் பக்கமும் வெடித்தது, வேறு மாதிரி.

"பெத்த பாசம்!" "பாத்தியா, கடைசியில அம்மா புத்தியைக் காட்டிட்டா!" "செல்லாது, செல்லாது!" அஸ்லாக் தம் சன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். பனியுருண்டைகள் பறந்தன.

அப்போது யூஸ்டைன், தோற்றவன், பலகைகளைக் கழற்றிப் பனியில் நட்டுவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றான். பேதரின் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினான்.

"ஏன்பா, காலையில பெத்த பிள்ளைக்குப் பதினாறு போட்டாளே, எனக்குப் பதினேழரை போட்டாளே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்? அப்ப யாரும் செல்லாதுன்னு சொல்லலியே? எனக்கு என் ஊரு ரெண்டு தடவையும் பத்தொன்பதரை போட்டுச்சு. ரெண்டாவது தடவை கையால காத்தைத் துழாவினேன், அதுக்கும் பத்தொன்பதரை! அந்தப் பத்தொன்பதரையை வெச்சு நான் என்ன பண்ணட்டும், ரொட்டிக்குத் தடவட்டுமா? இவ போட்ட பதினேழுதான் என் மார்க்கு. அவன் இறங்கினதைக் கீழ நின்னு பாத்தேன். அஸ்லாக் மாமா, நீங்க பாத்தது பதினஞ்சா? உங்க பேரன் தலைமேல கை வெச்சுச் சொல்லுங்க!"

அஸ்லாக் சன்னலில் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றார். கிழட்டு முகம் சிவந்தது. கடைசியில் தொப்பியைக் கழற்றினார்.

"பத்தொன்பது," என்றார். "நானும் பாத்தது பத்தொன்பதுதான். தொலைஞ்சு போகுது!"

அதற்குப் பிறகு நடந்ததை இரு கரையும் இன்றைக்கும் தங்கள் தங்கள் பாணியில் சொல்கின்றன. பசு மணிகள் ஏரி அதிர ஒலித்தன. அக்கரைப் பெண்களும் எங்கள் பெண்களும் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, "குன்வோர்! குன்வோர்!" என்று கத்தினார்கள், அந்தப் பெயரைப் பட்டம் சேர்க்காமல் அத்தனை வாய்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. வசந்தக் கூட்டம் வரை யாருக்கும் பொறுக்கவில்லை. அங்கேயே, பனியில் நின்றபடியே, கை தூக்கினார்கள். நடுச் சன்னல் குன்வோருக்கு. மற்ற நான்கு சன்னல்களில் இனி யார் உட்கார்வது என்பதை அவளே சொல்லட்டும் என்று அக்கரை கேட்டது, எங்கள் கரை வழிமொழிந்தது. ஹால்கிரிமும் கை தூக்கினார். தூக்காவிட்டால் பனியுருண்டை காத்திருந்தது.

குன்வோர் படியிறங்கி வந்தபோது ஐலெவ் கடைசிப் படியில் நின்றிருந்தான். இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கட்டிக்கொள்ளும் பழக்கம் குறைவு. அவன் அவளுடைய கையுறையைக் கழற்றி, மரத்துப்போன விரல்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தான், சின்ன வயதில் அவள் அவனுக்குச் செய்ததுபோல.

"பெட்டி இன்னும் பெருசா அவிழ்க்கலம்மா. ராத்திரியே கொண்டாந்துடலாம்."

"கொண்டா. பால் கஞ்சி இருக்கு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பறம் ஒண்ணு. இடது முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கணும்."

"அம்மா! பத்தொன்பது போட்டியே!"

"இருபது போடலியே," என்றாள் குன்வோர்.

இருட்டியதும் பேதர் கரும்பலகையைத் துடைக்க வந்தான். எல்லா மார்க்கையும் துடைத்தான். நடுவிலிருந்த ஒன்றை மட்டும் துடைக்காமல், விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அடுத்த பனி விழும்வரை அது அங்கேயே இருந்தது.